"டர்போ போச்சு" என்று சொன்னால் முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்

பழைய டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எஞ்சின் புகைவழி இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகட்டின் சாதாரணக் கசிவு ஒன்றை "டர்போ போச்சு" என்று சொல்லி, செய்யாத வேலைக்கு என்னிடம் 58,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பணம் போனது ஒரு பக்கம். கசிவை அப்படியே விட்டு, மேலே பூசி மெழுகி வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அந்தப் புகையோடு என் அம்மா காருக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டர்போ பெட்ரோல். அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. ஆர்சி புதுப்பித்து, வருஷா வருஷம் செலவு செய்து ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் வேகமாகும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். அப்புறம் பிக்கப் குறைந்தது. போரூர் மேம்பாலம் ஏறும்போது முன்பெல்லாம் தானாக இழுக்கும் வண்டி, இப்போது யோசித்துத்தான் ஏறியது. மைலேஜும் இறங்கியது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக லேசாகப் புகை வாடை வந்தது.

இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது எங்கே காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஹெட்டிலிருந்து எரிந்த வாயு மேனிஃபோல்டு என்ற குழாய்த் தொகுதிக்குள் போய், அங்கிருந்து டர்போவின் விசிறியைச் சுற்றிவிட்டு, சைலன்சர் குழாய்க்கு இறங்குகிறது. இந்த வழியில் மூன்று இணைப்புகள்: ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடம், மேனிஃபோல்டும் டர்போவும் சேரும் இடம், டர்போவும் குழாயும் சேரும் இடம். மூன்றிலும் உலோகக் கேஸ்கெட் இருக்கும். பெட்ரோல் டர்போவில் வண்டியை விரட்டி ஓட்டினால் அங்கே 900 டிகிரி வரை சூடு போகும். இருபது வருஷம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்தால் கேஸ்கெட் சோர்ந்துபோகும், மேனிஃபோல்டு முகம் லேசாக வளையும், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் எனும் திருகுகள் துருப்பிடித்து இளகும். கடல் காற்று அடிக்கும் ஊரில் துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிரில் இடைவெளி திறந்திருப்பதால் சத்தம் வரும். உலோகம் சூடேறி விரிந்ததும் இடைவெளி சுருங்கும், சத்தம் அடங்கும், ஆனால் கசிவு முழுசாக நிற்காது. டர்போவுக்குப் போக வேண்டிய வாயு முன்னாலேயே வெளியேறுவதால் அது வேகமாகச் சுற்றாது, பிக்கப் போகும். கசிவு வழியாக இடையிடையே வெளிக்காற்றும் உள்ளே போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் போதவில்லை என்று கணக்குப் போட, கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

வளசரவாக்கம் பக்கம் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. ஐரோப்பிய வண்டிகளுக்கென்றே இருக்கிறோம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "பூஸ்ட் கம்மியா இருக்கு சார், டர்போ போயிடுச்சு, கோர் மாத்தணும்" என்றார். பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், கோர் என்பது தண்டும் விசிறியும் உள்ள டர்போவின் நடுப்பகுதி. "காலையில மட்டும் டிக் டிக்னு சத்தம் வருது, கேஸ்கெட் லீக்கா இருக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் செக் பண்ணியாச்சு சார், லீக் இல்ல" என்று உறுதியாகச் சொன்னார். ஸ்கேனர் பூஸ்ட் குறைவு என்று சொல்லும், அவ்வளவுதான். காரணம் டர்போவா, கேஸ்கெட்டா, கிழிந்த ஹோஸா என்று அதற்குத் தெரியாது. மனிதர் குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குனிந்து பார்த்ததாகத்தான் அவர் என்னிடம் சொன்னார்.

வண்டியைத் தராமல் நாள் தள்ளிக்கொண்டே போனார்கள். டெலிவரி அன்று கையில் எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுத்துப் பணம் கேட்டார்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தர மாட்டேன் என்று நின்றேன். ரொம்ப நேரம் முனகிவிட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். 'டர்போ கோர் மாற்றம், கேஸ்கெட் செட், கூலண்ட், லேபர்' என்று அதில் இருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பையில் கரி பிடித்த கோர் ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். இந்த இரண்டும்தான் இன்றைக்கு என்னிடம் இருக்கும் ஆதாரம்.

வண்டி சில நாள் சத்தமில்லாமல் ஓடியது. பிக்கப் கொஞ்சம் தேறியது போலவும் இருந்தது. அப்புறம் ஒரு காலையில் அதே டிக் டிக், முன்பைவிடப் பலமாக. அம்மாவை அடையாறில் டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பும்போது கிண்டி சிக்னலில் ரொம்ப நேரம் நின்றோம். "தலை வலிக்குதுப்பா, ஜன்னலைத் திற" என்றார். இந்த எஞ்சினில் மேனிஃபோல்டும் டர்போவும் பின்பக்கம், அதாவது டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் இரும்புச் சுவரை ஒட்டி இருக்கின்றன. ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் வழி அதற்கு மேலேயே. வண்டி நிற்கும்போது கசியும் வாயு நேராக அதற்குள் போகும். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் என்றுதான் காட்டும். நமக்கு வரும் வாடை மற்ற வாயுக்களுடையது. வாடை குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைக்காதீர்கள்.

அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு, தெரிந்தவர் சொல்லி அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். ஐம்பது வயது தாண்டிய அண்ணன் ஒருவர், கூட இரண்டு பையன்கள். எஞ்சின் ஆறும்வரை தொடவே இல்லை. அப்புறம் ஒரு நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, பையனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனார். நாலாவது சிலிண்டர் பக்கம் நிறுத்தி என் கையில் கொடுத்து, "நீங்களே கேளுங்க சார்" என்றார். காதில் அடித்த மாதிரிக் கேட்டது. ஹீட் ஷீல்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். இணைப்பைச் சுற்றி விசிறி விட்டாற்போல் கரி படிந்திருந்தது. அந்தக் கரிக்கு மேல் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட், பாதி எரிந்து உரிந்து தொங்கியது.

இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிவப்பு பேஸ்ட் ஏறக்குறைய 300 டிகிரிக்குத்தான் தாங்கும். வால்வு கவருக்கு, ஆயில் சம்புக்குச் சரி. மேனிஃபோல்டில் பூசினால் சில நாள் சத்தத்தை மூடும், பின் எரிந்து கொட்டும். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுக் கேட்டைத் தாண்டும்வரை நின்றால் போதும் என்பவர்கள் செய்யும் வேலை அது.

அண்ணன் மேலும் காட்டினார். இந்த டர்போவுக்கு ஆயிலும் வரும், கூலண்டும் வரும். கோரை மாற்ற வேண்டுமானால் அந்தக் குழாய்களை எல்லாம் அவிழ்த்தாக வேண்டும், செப்பு வாஷர்கள் புதிதாகப் போட வேண்டும். எங்கள் வண்டியில் அந்தக் குழாய்களின் எல்லாப் போல்ட்டும் பழைய துருவோடு, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லாமல் இருந்தன. வாஷர்கள் கறுத்துக் கிடந்தன. ஹெட்டில் ஒரு ஸ்டட் மட்டும் முறிந்திருந்தது. முறிந்த முனையின் மேல் நட்டை வைத்துப் பேஸ்ட்டால் ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து நட்டு முடுக்கும் கன் வைத்து இறுக்கும்போது உடைத்துவிட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். பார்த்த எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

பிறகு பையில் இருந்த கோரை வாங்கிப் பார்த்தார். அதோடு வட்டமாக அசையும் சின்னச் சின்ன இலைகள் கொண்ட ஒரு வளையம் ஒட்டியிருந்தது. "இது டீசல் வண்டி டர்போ சார்" என்றார். எங்கள் வண்டியில் இருப்பது கே03 டர்போ. அதில் அந்த இலைகளே கிடையாது. பூஸ்ட் அதிகமானால் வேஸ்ட்கேட் என்ற ஒரு கதவு திறந்து வாயுவை விசிறிக்குப் போகாமல் நேராகக் குழாய்க்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். எவனுடைய டீசல் வண்டியிலிருந்தோ கழற்றியதை என் வண்டியுடையது என்று கையில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பக்கவாட்டில் துளி அசைவு இருந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னும் அசையவில்லை, இறக்கை எங்கும் உரசவில்லை. நீலப் புகை இல்லை, ஆயில் குறையவில்லை. டர்போவுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

சரியான வேலை இப்படித்தான் நடந்தது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே ஆயில் விட்டு ஊறவைத்தார். முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டிலேயே மெதுவாகத் திருகி எடுத்தார். மேனிஃபோல்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளந்து, லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமமாக்கி வாங்கினார். இதைச் செய்யாமல் புதுக் கேஸ்கெட் போட்டால் அதுவும் சீக்கிரமே கசியும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்து மூன்று கேஸ்கெட்டும், புது ஸ்டட்டும், தாமிரப் பூச்சுள்ள நட்டும் நானே வாங்கி வந்தேன். பேஸ்ட் எதுவும் பூசவில்லை. நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, படிப்படியாக இறுக்கினார். உதிரிபாகம், லேத், கூலி எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். சத்தம் போனது, வாடை போனது, மேம்பாலத்தில் வண்டி பழையபடி இழுக்கிறது.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இரவு முழுக்க நிறுத்தி ஆறிய வண்டியை அவர்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் இந்தக் கசிவு தெரியாது. குழாய்க்குள் புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். டர்போ மாற்ற வேண்டும் என்றால் தண்டு ஆடுவதை உங்கள் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், கழற்றும் முன் உங்கள் டர்போவின் எண் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மரியாதைக்காக நிற்க வேண்டாம். பெட்ரோல் வண்டியில் ஏசி வழியாகப் புகை வாடை வந்தால், சரிசெய்யும்வரை குழந்தைகளையும் பெரியவர்களையும் அதில் ஏற்றாதீர்கள். ஏசியை உள்காற்றுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது.

அந்த ஒர்க்ஷாப்புக்குப் போட்டோ, பில், டீசல் கோர் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். "அது எங்க பசங்க மாத்திக் கொடுத்திருப்பாங்க சார், ஆனா வேலை பண்ணோம்" என்றார் அதே சூப்பர்வைசர். எந்தப் போல்ட்டை அவிழ்த்தீர்கள் என்று போட்டோவில் காட்டச் சொன்னேன். பதில் இல்லை. முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். வக்கீல் மூலம் நோட்டீஸும் போயிருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். அம்பத்தூர் அண்ணன் கழற்றும்போதே எல்லாவற்றையும் படம் பிடிக்கவிட்டு, என்ன பார்த்தார் என்று தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். தொழிலில் இருப்பவர் இன்னொரு பட்டறைக்கு எதிராக அப்படி எழுதித் தருவது பெரிய விஷயம், அதற்கு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். வளசரவாக்கம், விருகம்பாக்கம், போரூர் பக்கம் சமீபத்தில் 'டர்போ கோர் மாற்றம்' என்று பில் வாங்கியவர்கள், கொடுத்த பழைய பாகம் உங்கள் வண்டியுடையதுதானா என்று ஒருமுறை தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் பில்லோடு என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.