ஈஎன்8 என்று கொடுத்த கட்டி

கோவையில் பழைய இரும்புக் கடையில் கட்டி வாங்கி வீட்டிலேயே மில்லிங் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவி எடுப்பது) செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஈஎன்8 (சுலபமாக வெட்ட வரும் நடுத்தர கார்பன் ஸ்டீல்) என்று சொல்லி வேறு ஸ்டீலைத் தலையில் கட்ட இன்னும் நாலு கடை இருக்கும்.

கையால் இயக்கும் சின்ன பிரஸ் ஒன்றுக்கு அடித்தளம் தேவைப்பட்டது. 200 × 100 × 75 மி.மீ. அளவில் ஈஎன்8 கட்டி கேட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றை இழுத்து வந்தார். முனையில் பச்சை பெயின்ட், இரண்டு முகங்கள் கண்ணாடி மாதிரி கிரைண்ட் செய்யப்பட்டிருந்தன. ஓரத்தில் போல்ட் தலை உள்ளே அமர்வதற்கான துளைகள் இரண்டு. "ரெண்டு பக்கம் ஏற்கெனவே ஃபினிஷ் ஆயிருக்குதுங்க, உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார். 12 கிலோ 400 கிராம், கிலோ 90 ரூபாய், மொத்தம் 1,116 ரூபாய். வேலை மிச்சம் என்ற சந்தோஷத்தில் பில்லில் என்ன எழுதினார் என்றுகூடப் பார்க்கவில்லை. "இரும்பு" என்று மட்டும் எழுதியிருந்தார்.

என் மெஷின் மேசை மேல் வைக்கிற ரகம். எடை சுமார் 60 கிலோ, மோட்டார் 500 வாட். கட்டி வைஸில் அடங்காததால் டேபிளிலேயே கிளாம்ப் போட்டு இறுக்கினேன். 12 மி.மீ. ஹைஸ்பீட் ஸ்டீல் எண்ட் மில் (முனையாலும் பக்கத்தாலும் வெட்டும் கட்டர்), நிமிடத்துக்கு 650 சுற்று, அரை மி.மீ. ஆழம். கருப்பாக இருந்த பக்கத்தில் கட்டர் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், பல் கூசும். இரண்டு சென்டிமீட்டர் போவதற்குள் கட்டரின் முனைகள் நீலம் பாய்ந்துவிட்டன. சுருள் எதுவும் விழவில்லை, மிளகுத்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்தது.

போன் செய்து சொன்னேன். "பொம்மை மெஷின்ல ஓட்டுனா அப்படித்தானுங்க இருக்கும்" என்றார்.

நான் ஏமாந்தது இங்கேதான். சின்ன மெஷின் ஸ்டீலைத் தாங்காது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தச் சந்தேகம் மனதில் இருந்தது. ஒரு மாதம் மெஷினைப் போட்டுப் பாடாய்ப் படுத்தினேன். டேபிள் ஆடாமல் பிடிக்கும் கிப் பட்டைகளை இறுக்கினேன், டயல் கேஜ் வைத்து மெஷினின் தலையை நேராக்கினேன், புது கட்டர் வாங்கினேன், அதுவும் போனது. ஹைஸ்பீடைவிடக் கெட்டியான கார்பைடு டிப் வைத்த ஃப்ளை கட்டர் (ஒற்றை முனையில் அகலமாகச் சுற்றி வெட்டுவது) போட்டேன். டிப் மூலை தெறித்தது, அந்த அதிர்ச்சியில் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் கியரின் பல்லும் போனது. கட்டர், டிப், கியர் என்று கட்டியின் விலையைப் போல மூன்று மடங்கு செலவு.

டூல்ரூமில் (தொழிற்சாலையில் அச்சும் கருவியும் செய்யும் பிரிவு) முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வந்தார், மெஷினைத் தொடவே இல்லை. "அரம் இருக்குதா தம்பி?" என்றார். கட்டியின் மூலையில் ஒரு இழுப்பு. அரம் கண்ணாடி மேல் வழுக்குவது போல வழுக்கியது. கீறல்கூட இல்லை. பிறகு கிரைண்டரில் ஒரு மூலையைத் தொட்டார். பக்கத்திலேயே ஒரு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண மிருதுவான இரும்பு) துண்டையும் தொட்டுக் காட்டினார். எம்எஸ்ஸில் நீளமாக, வெளிர் மஞ்சளில் பொறி பறந்தது. இதில் பொறி குட்டையாக, செம்மையாக வந்து அடங்கிவிட்டது. "இது ஹார்டன் பண்ணின பழைய டை. டி2 மாதிரி குரோமியம் ஸ்டீல். கிரைண்ட் பண்ணின முகத்தையும் துளையையும் பார்த்தப்பவே தெரிஞ்சிருக்கணுமே" என்றார். டை என்றால் உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, ஹார்டன் என்றால் சூடாக்கி ஆற்றி இறுக்குவது. தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் சோதித்ததில் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 57 வந்தது. சாதாரண ஈஎன்8-ஐ அரம் தாராளமாகக் கடிக்கும்.

கட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார். மாற்றித் தர மாட்டாராம், கிலோ 30 ரூபாய்க்கு வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்வாராம். போகும்போது ஒரு யோசனை வேறு: "அடுப்புல பழுக்கக் காய்ச்சி ஆற விடுங்க, மிருதுவாயிரும்." தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள். டி2 வகை ஸ்டீல் காற்றில் ஆறினாலே மறுபடி இறுகிவிடும். மிருதுவாக்க வேண்டுமென்றால் உலைக்குள்ளேயே மணிக்கணக்கில் நிதானமாக ஆற வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் விசாரித்தேன், அவர்கள் சொன்ன கூலிக்குப் புதுக் கட்டியே வாங்கலாம்.

ஆக, கடைக்குப் போகும்போது பழைய அரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட்டும் கருப்புத் தோலும் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்று நாலு மூலையில் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இறுகின துண்டுகளும் உண்டு. பெயின்ட் நிறத்தை நம்பாதீர்கள், கடையிலேயே அடித்திருக்கலாம். "ஈஎன்8, ஹார்டன் செய்யாதது" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

நான் அப்படித்தான் வேறொரு கடையில் வாங்கினேன். அரத்தை எடுத்தபோது அந்தக் கடைக்காரர் முறைத்தார், ஆனால் தடுக்கவில்லை. புது கியர் போட்ட அதே மெஷின், அதே 650 சுற்று, அதே அரை மி.மீ. சுருள் சுருளாக வந்து விழுந்தது. இரண்டு மாலைகளில் ஆறு முகமும் முடிந்தன. பழைய கட்டி மாடிப்படிக்குக் கீழே கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.