ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலின் நேரக்கணக்கு: சில பருவங்கள் பயன்படுத்திய பின்

கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புகளில் சொட்டுநீர் வால்வுகளைத் திறந்து மூடும் மின்னணுப் பலகைகளில், சிறு சில்லுகளின் வேலைகளை நேரப்படி முறைப்படுத்தும் மைய நிரலான ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலைப் பல பருவங்களாக ஓட்டிவருகிறேன். தம் தோப்புக்கும் அதையே போடலாமா என்று பொள்ளாச்சி நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முன்னுரிமைப்படி டாஸ்க்குகளை, அதாவது தனித்தனி வேலைகளை, மாற்றுவதில் இந்தக் கெர்னல் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை; சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடுகிறது. என் மனக்குறை முழுவதும் அதன் நேரக்கணக்கைப் பற்றியது.

பேட்டரியில் ஓடும் பலகை வேலையில்லாதபோது உறங்கியாக வேண்டும். டிக் என்பது சீரான இடைவெளியில் கெர்னலை எழுப்பி நேரத்தை எண்ணவைக்கும் சமிக்ஞை. உறக்கத்துக்கென டிக் இல்லாத முறையை இயக்கினால், கார்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளுக்கான இயல்பு நிரல் ஒவ்வோர் உறக்கத்துக்கும் சில்லுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டிக் டைமரைச் சற்று நிறுத்தி மறுபடி ஓட்டுகிறது. அந்த இடைவெளியை இயன்றவரை ஈடுசெய்தாலும் சிறு நழுவல் தவிர்க்க முடியாதது என்று மூலநிரலின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. சிஸ்டிக் 24 பிட் எண்ணி, ஓர் எல்லைக்குமேல் அதனால் எண்ண முடியாது. ஆகவே 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லு 0.23 நொடிக்குமேல் தொடர்ந்து உறங்க முடியாது. நொடிக்கு நான்கு முறைக்குமேல் விழித்து, ஒவ்வொரு விழிப்பிலும் துளித்துளியாக நேரத்தைத் தவறவிடும் ஒன்றை நம்பி எப்படி நீர் பாய்ச்சுவது? மோட்டார் ஓடத் தொடங்கும்போது வால்வு திறந்திராவிட்டால் குழாய் இணைப்புகள்தான் பிளக்கும்.

நல்லவேளையாக, உறக்கத்துக்கான நிரலை நாமே மாற்றி எழுத இடமுண்டு. அதில் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் குறைமின் டைமரை இணைத்து, டிக் வேகத்தை நொடிக்கு 1024 என்று வைத்தால், டிக் ஒன்றுக்குச் சரியாக 32 துடிப்புகள் வருகின்றன. வழக்கமான 1000 என்றே விட்டால் 32.768 வரும், அந்தப் பின்னத்தை வெட்டிவிட்டால் கடிகாரம் நாளொன்றுக்கு அரைமணிக்கு மேல் முந்தி ஓடும். பிறகு மிஞ்சுவது வெயில்தான். பாலக்காட்டுக் கோடையில் பெட்டிக்குள் வெப்பம் 45 டிகிரி வரை ஏறினால், 25 டிகிரிக்கென வெட்டப்பட்ட படிகம் நாளுக்குச் சுமார் 1 நொடி பின்தங்கும். அது பொருளின் இயல்பு என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். கெர்னலின் நழுவலை அப்படிப் பொறுக்க மனம் வரவில்லை.

இத்தனையும் செய்தபின் என் பலகைகள் ஒழுங்காகவே ஓடுகின்றன, அவற்றை மாற்றும் எண்ணமும் இல்லை. ஆயினும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 சில்லுகளில், ஜெஃபிர் என்ற இன்னொரு கெர்னல் 32,768 ஹெர்ட்ஸ் டைமரையே தன் இயல்பான கடிகாரமாகக் கொள்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அங்கே தொடங்கட்டும். மின்இணைப்பிலேயே நின்று உறங்காமல் ஓடும் மோட்டார் பலகைக்கு மட்டும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போடலாம்.