நீலம் வந்தால் ஈரம் போய்விட்டதா? டிஎச்எஃப் உலர்த்தும் மூன்று வழிகள்

கிரிக்னார்டு வினையானாலும் பியூட்டைல் லித்தியம் ஆனாலும், நீர் பட்டால் கெட்டுவிடும் இந்த வேலைகளுக்கு முதலில் தேவைப்படுவது ஈரமில்லாத டெட்ராஹைட்ரோபியூரான் என்ற கரைப்பான், அதாவது டிஎச்எஃப் (THF). பழைய ஆய்வகங்களில் இதற்கு வழக்கமான வழி ஒன்றுதான். சோடியம் துண்டுகளையும் பென்சோபீனோனையும் போட்டு, நைட்ரஜனில் ரிஃப்ளக்ஸ் செய்து (கொதிக்கும் ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி காய்ச்சி), அடர்நீலம் வந்ததும் வடித்து எடுப்பார்கள். அந்த நீலத்தை நாம் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறோம்.

ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸும் லாட்டனும் 2010இல் இதை, நீரின் அளவைக் கண்டறியும் கார்ல் பிஷர் முறையில் அளந்து வெளியிட்டார்கள். உலர்த்தாத டிஎச்எஃப்பில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) சொச்சம் நீர் இருந்தது. சோடியத்தில் வடித்த பிறகும் 40க்கு மேல் மிச்சம். நுண்துளைகளில் நீரைப் பிடித்துக்கொள்ளும் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவை 100 மில்லிக்கு 20 கிராம் வீதம் போட்டு மூன்று நாள் சும்மா வைத்ததில் சுமார் 4 பிபிஎம்முக்கு இறங்கிவிட்டது! நீலம், சோடியமும் பென்சோபீனோனும் சேர்ந்து உண்டாக்கும் கீட்டைல் ரேடிக்கலின் நிறம். நீரும் ஆக்சிஜனும் அதைக் கெடுக்கும் என்பது சரி. ஆனால் எத்தனை பிபிஎம் மிச்சம் என்பதை அந்த நிறம் சொல்லாது.

இத்தனைக்கும் சீவில் வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் பயனில்லை, ஏற்கெனவே காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். 300 டிகிரியில் ஒரு நாள் சூடாக்கி, ஈரம் படாமல் ஆறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம், சீவ் ஆக்சிஜனை எடுக்காது, பெராக்சைடு உருவாகாமல் இருக்கச் சேர்த்திருக்கும் பிஎச்டி (BHT) நிலைப்படுத்தியையும் விட்டுவிடும். வடிப்பதில் இவை இரண்டும் போய்விடும், அது மட்டும் பழைய முறையின் உண்மையான பலம். ஆக்சிஜன்தான் கவலை என்றால் ஆர்கான் குமிழ்த்தினாலே பெரும்பாலும் போதும். அதற்காக எரியும் கரைப்பானைச் சோடியத்தோடு கொதிக்கவிட்டு, கடைசியில் மிஞ்சும் சோடியத்தை ஐசோபுரோப்பனாலில் பயந்து பயந்து அழிக்க நான் தயாரில்லை.

மூன்றாவது, 1996இல் வேதியியலாளர் ராபர்ட் கிரப்ஸின் குழு வெளியிட்ட அலுமினா தூண் முறை, அதாவது கரைப்பானை அலுமினா நிரப்பிய தூண் வழியே செலுத்துவது. சூடும் இல்லை, சோடியமும் இல்லை, பெராக்சைடையும் அலுமினா பிடித்துக்கொள்ளும். தினமும் லிட்டர் கணக்கில் செலவாகும் குழுவுக்கு இதுவே சிறந்தது. சிறிய ஆய்வகத்துக்கு அந்தத் தூண்களை அமைக்கும் செலவு கட்டாது.

வேறு கரைப்பான்களுக்கு மாறும்போது இரண்டு எச்சரிக்கைகள். டைகுளோரோமீத்தேனில் சோடியம் போடவே கூடாது, வெடிக்கும். அசிட்டோனுக்குச் சீவ் வேண்டாம். சீவின் காரத்தன்மையால் அசிட்டோன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும் ஆல்டால் வினை நடந்து புதிதாக நீரே உண்டாகும், கால்சியம் சல்பேட்டில் உலர்த்துங்கள்.