பாங்காக் முவாய் தாயா, ஒசாகா பேஸ்பாலா? மேட்சும் தீனியும் சேத்து பாத்தா எது தேறும்

ரெண்டு ஊர்லயும் ப்ளான் ஒண்ணுதான். சாயங்காலம் ஒரு மேட்ச், அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ரோட்டுக்கடை சாப்பாடு. கைல ஒரு ட்ரிப்புக்குத்தான் காசு இருக்குன்னா எதுக்குப் போறதுங்கறதுதான் கேள்வி.

மொதல்ல பாங்காக். அங்க முவாய் தாய், அதாவது கை, கால், முழங்கால்னு எல்லாத்தாலயும் அடிக்கற தாய்லாந்து பாக்ஸிங். ராஜதாம்னோன் ஸ்டேடியம் 1945-லேர்ந்து நடக்குது, பழைய ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. இன்னொரு பெரிய பேரு லும்பினி, ஆனா அது 2014-லயே ராம் இந்த்ரா ரோட்டுக்கு மாறிடுச்சு, டிராஃபிக்ல போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ராத்திரி போயிடும், மொத தடவைன்னா ராஜதாம்னோனே போதும்.

உள்ள போனா ஃபைட்டுக்கு முன்னாடி நடக்கறதையும் பாருங்க, போனை நோண்டிட்டு இருக்காதீங்க. வீரர் தலைல ஒரு வளையம் மாட்டிக்கிட்டு ரிங்கை சுத்தி வந்து மெதுவா ஒரு ஆட்டம் ஆடுவாரு. அதுக்கு பேரு வாய் க்ரூ. க்ரூன்னா நம்ம குருவேதான், குருவுக்கு வணக்கம் வெச்சுட்டுத்தான் அடியே ஆரம்பிக்குது. ஓரமா நாதஸ்வரத்துக்கு தம்பி மாதிரி ஒரு குழல், ரெண்டு மத்தளம், ஒரு ஜால்ரா. ஃபைட் சூடாக ஆக வாசிப்பும் வேகமாகிட்டே போகும், கண்ண மூடிட்டாக்கூட எப்ப முழங்கால் விழுதுன்னு தெரியும்.

ஆனா ஒண்ணு, பழைய ஸ்டைல் 5 ரவுண்ட் ஃபைட்டுல மொத ரெண்டு ரவுண்டு தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், ஏன்னா கேலரில பெட் கட்றவங்க அப்பத்தான் ஆளை எடை போடறாங்க, வீரர்களும் சும்மா தொட்டுப் பாத்துப்பாங்க. 3, 4வது ரவுண்டுலதான் நிஜ சண்டை. அப்ப மேல இருக்கற கூட்டத்த பாருங்க, விரல்லயே ரேட்டு பேசிக்கிட்டு ஒவ்வொரு உதைக்கும் "ஓய்! ஓய்!"னு கத்துவாங்க. ரிங்சைடு டிக்கெட் டூரிஸ்டுக்குன்னே வெச்சது, தாய்லாந்து காசுல ஆயிரம் பாத்துக்கு மேல போகும், ஃபோட்டோ நல்லா வரும். ஊர்க்காரங்க சத்தம் வேணும்னா மேல உக்காருங்க. சில நாள் 3 ரவுண்ட்ல லைட்டும் ஷோவுமா முடிச்சிடுவாங்க, நமக்கு ஈஸி, ஆனா அந்த பெட்டிங் நாடகம் இருக்காது.

இப்ப ஒசாகா. ஹன்ஷின் டைகர்ஸ்ங்கற பேஸ்பால் டீமோட கிரவுண்டு கோஷியன், கணக்குப்படி பக்கத்து ஹியோகோ மாகாணத்துல இருக்கு, ஆனா ஒசாகாவோட உமேதா ஸ்டேஷன்லேர்ந்து எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல கால் மணி நேரம்தான். 1924-ல கட்டினது, நூறு வயசு தாண்டிடுச்சு. பேஸ்பால் ரூல் தெரியலையேன்னு பயப்படாதீங்க, கிரிக்கெட் பாக்கறவனுக்கு ரெண்டு இன்னிங்ஸ்ல புரிஞ்சுடும். அவுட்ஃபீல்டு சீட்டு எடுங்க. அங்க ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் தனித்தனியா ஒரு பாட்டு, ட்ரம்பெட்டு, மோளம், எல்லாருக்கும் மனப்பாடம். எதிர் டீம் பேட் பண்ணும்போது நம்ம ஆளுங்க அடங்கி உக்காந்து சாப்பிடுவாங்க, அப்ப அவங்க ஃபேன்ஸ் பாடுவாங்க. முறை வெச்சு கத்தறது, இத நம்ம ஊர் ஸ்டேடியத்துல கற்பனை பண்ணிப் பாருங்க.

இந்த ஃபேன்ஸ் லேசுப்பட்டவங்க இல்ல. 1985-ல டைகர்ஸ் அவங்க லீக்கை ஜெயிச்சப்ப, ஒவ்வொரு பிளேயர் பேரா சொல்லி அவங்க ஜாடைல இருக்கற ஒருத்தர் ஒசாகா நடுவுல ஓடற டோதொன்போரி ஆத்துல குதிச்சாங்களாம், அமெரிக்க பிளேயர் ராண்டி பாஸ் ஜாடைக்கு ஆள் கெடைக்காம, தாடி இருக்கேன்னு கேஎஃப்சி வாசல்ல நின்ன கர்னல் சாண்டர்ஸ் சிலைய தூக்கி உள்ள போட்டுட்டாங்க. அந்த வருஷம் ஜப்பான் சீரிஸ், அதாவது ரெண்டு லீக் சாம்பியனும் மோதற ஃபைனல், அதையும் ஜெயிச்சாங்க, ஆனா அதுக்கப்புறம் ஜெயிக்கவே இல்ல, கர்னல் சாபம்னு ஊரே பேசிச்சு. சிலைய 2009-ல ஆத்துலேர்ந்து எடுத்தாங்க, ஆனா கப்பு 2023-லதான் வந்துச்சு. 38 வருஷம்!

தீனி விஷயத்துல ரெண்டும் நேர் எதிர். கோஷியன்ல சீட்டுலயே எல்லாம் நடக்கும். கிரவுண்டு திறந்த காலத்துலேர்ந்து விக்கற கறி ரைஸ், குச்சில குத்தி சுட்ட கோழி யாகிடோரி, அப்புறம் முதுகுல பீர் டாங்க் கட்டிக்கிட்டு படிக்கட்டுல ஏறி எறங்கற பொண்ணுங்க. மேட்ச் முடிஞ்சு டோதொன்போரி வந்தா தகோயாகி, அதாவது நம்ம பணியாரச் சட்டி மாதிரி குழிக்கல்லுல ஆக்டோபஸ் துண்டு போட்டு சுடறது. அவசரப்பட்டு வாய்ல போட்டீங்கன்னா நாக்கு வெந்துடும், எனக்கு ரெண்டு நாள் டேஸ்ட்டே தெரியல. குச்சில குத்திப் பொரிச்ச குஷிகாட்சு சாப்பிடற கடைல பொது சாஸ் டப்பா வெச்சிருந்தா அதுல ஒரு தடவைதான் முக்கணும், கடிச்சத திரும்ப முக்கக்கூடாது. எச்சில்னா நம்மள மாதிரியே கோவம் வருது.

பாங்காக்ல சாப்பாடு வெளியதான், ஆனா என்ன சாப்பாடு! ஸ்டேடியம் பக்கத்துலயே கரில சுட்ட கோழி, பப்பாளிக்காய் சாலட் சோம் தாம், ஸ்டிக்கி ரைஸ். ஃபைட் முடிஞ்சு டுக்டுக் புடிச்சா கொஞ்ச தூரத்துல மஹா சாய் ரோட்டு பாட் தாய் நூடுல்ஸ், முட்டைல பொட்டலமா சுத்தி வரும். இல்லன்னா சைனாடவுன் யாவராத் போயிடுங்க, நடுராத்திரி வரைக்கும் அடுப்பு அணையாது. காரம், புளிப்பு, கொத்தமல்லி வாசம்னு நம்ம நாக்குக்கு இதுதான் சொந்தம்.

சைவக்காரங்களுக்கு யோசனையே வேணாம், பாங்காக்தான். மஞ்சக் கொடில சிவப்பா "ஜே"ன்னு தாய் எழுத்து இருந்தா அந்தக் கடைல கறி, மீன், முட்டை, பூண்டு, வெங்காயம்கூட கெடையாது. மத்த கடைல மீன் சாஸ் எல்லாத்துலயும் இருக்கும், கேட்டுக்கணும். ஒசாகால கேட்டும் பிரயோஜனம் கம்மி, மாவுலயே மீன் தண்ணி கலந்திருக்கும், மேல வேற மீன் சீவல் ஆடிக்கிட்டு இருக்கும்.

தேதியையும் பாத்துக்கோங்க. முவாய் தாய் வருஷம் பூரா உண்டு, அன்னைக்கே போனாலும் சீட்டு கெடைக்கும். கோஷியன் டிக்கெட் முன்னாடியே புக் பண்ணணும், ஆகஸ்டுல போனா பெரும்பாலும் டைகர்ஸே அங்க இருக்க மாட்டாங்க, ஸ்கூல் பசங்க நேஷனல் டோர்னமெண்டுக்கு கிரவுண்ட விட்டுக் கொடுத்துட்டு வேற கிரவுண்டுக்குப் போயிடுவாங்க. அதுவும் பாக்க வேண்டியதுதான், தோத்த பசங்க அழுதுக்கிட்டே அந்த கருப்பு மண்ண பையில அள்ளிட்டுப் போவாங்க. மார்ச்சுல போனா ஒசாகால சுமோ நடக்கும், அது தனிக் கதை.

நாக்கு கேட்டா பாங்காக், பர்ஸ் கேட்டாலும் பாங்காக். ஆனா அங்க நான் கடைசி வரைக்கும் வேடிக்கை பாத்த ஆளுதான், பெட்டும் கட்டல, யாரு ஜெயிச்சா எனக்கென்னனு இருந்துச்சு. கோஷியன்ல ஏழாவது இன்னிங்ஸ்ல பக்கத்து சீட்டு தாத்தா ஒண்ணும் பேசாம ஒரு மஞ்ச டவல எடுத்து என் கழுத்துல போட்டுட்டாரு. அடுத்த சேவிங்ஸ் அங்கதான் போகுது, தகோயாகிய ஊதி ஊதி சாப்பிட்டுக்கறேன்.