உபுதில் ஏழு நாள்: கமலான் வகுப்பு எப்படி இருந்தது?

பதினெட்டு வருடமாக வீணை வாசிக்கிறேன். பாலிக்குப் போனது விடுமுறைக்குத்தான். ஆனால் உபுதில் ஒரு வீட்டு முற்றத்தில் காலையில் கமலான் என்ற பாலியின் வெண்கல வாத்தியக் குழு இசை, மாலையில் நடனம் என்று ஏழு நாளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் போனபோது மணிக்கு 1,50,000 ரூபியா வாங்கினார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

எனக்குக் கிடைத்த வாத்தியம் கங்சா. மூங்கில் குழாய்களுக்கு மேலே பத்து வெண்கலப் பட்டைகள், வலது கையில் மரச் சுத்தியல். அடிப்பது சுலபம். அடுத்த பட்டையை அடிக்கும் அதே நொடியில் முந்தைய பட்டையை இடது கை விரல்களால் பிடித்து நாதத்தை நிறுத்த வேண்டும், அதுதான் பாடு. பிடிக்கத் தவறினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகிவிடும். எழுதி வைத்த ஸ்வரம் எதுவும் கிடையாது. ஆசிரியர் எனக்கு எதிரே உட்கார்ந்து, அதே கங்சாவை மறுபக்கத்திலிருந்து தலைகீழாக வாசித்துக் காட்டுவார். நான் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன்.

முதல் நாளே காதை ஒன்று உறுத்தியது. பக்கத்துக் கங்சாவும் என்னுடையதும் சுருதி சேரவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆசிரியர் இரண்டிலும் ஒரே பட்டையை ஒன்றாக அடித்துக் காட்டினார். நாதம் அலை அலையாக நடுங்கியது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்களாம். சோடியில் ஒன்று கொஞ்சம் தாழ்வு, அது பெங்கும்பாங். மற்றது கொஞ்சம் உயர்வு, அது பெங்கிசெப். அந்த நடுக்கத்துக்குப் பெயர் ஓம்பாக், அலை என்றே அர்த்தம். இழை பிசகினாலும் வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைக்குக் கை போகும் எனக்கு, அந்த அலையை ரசிக்க இரண்டு நாள் ஆயிற்று. அப்புறம் அது இல்லாமல் கேட்கவே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் கொத்தெக்கான், அதாவது ஒரு மெட்டை இரண்டு பங்காகப் பிரித்து இருவர் வாசிப்பது. போலோஸ் என்ற பங்கு ஒருவருக்கு, சங்சி என்ற பங்கு மற்றவருக்கு. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடிக்க, ஒரே வேகமான மெட்டாகக் கேட்கும். என் பங்கைத் தனியாக வாசித்தால் அர்த்தமே இல்லை. ஆறாம் நாள் காலையில் ஆசிரியரின் சங்சியோடு என் போலோஸ் பொருந்தியபோது கண் கலங்கிவிட்டது.

நடனத்தில் அகெம் என்ற அடிப்படை நிற்கும் நிலையைத் தாண்டி அதிகம் போகவில்லை. சின்ன வயதில் பரதம் கற்றபோது தோளை இறக்கு என்பார்கள். இங்கே தோளை ஏற்றச் சொல்கிறார்கள். ஆசிரியை பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்து உடம்பையே வளைத்து வைப்பார். சொல்லி விளக்குவதைவிட அது சீக்கிரம் ஏறியது.

ஒரு குறை. தனி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, நான்காம் நாள் மாலை நான்கு பேரைச் சேர்த்துவிட்டார்கள். அன்று பாதி நேரம் அவர்கள் உடை உடுத்திப் படம் எடுப்பதிலேயே போயிற்று. முன்கூட்டியே கண்டிப்பாகப் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேர வகுப்பு எடுக்காதீர்கள்; குறைந்தது ஐந்து நாள் வேண்டும். சம்மணமிட்டு உட்கார முடியாதவர்கள் தாழ்வான முக்காலி கேளுங்கள், தருவார்கள். வாத்தியங்களைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைச் சமயத்தில் ஆசிரியர்கள் கோயில் வாசிப்புக்குப் போய்விடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள்.