சிசேரியனுக்குப் பிறகு போட்ட கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ்: மூன்றரை ஸ்டார்

எனக்கு வயது 36, இரண்டாவதும் சிசேரியன், உடம்பும் கொஞ்சம் கனம். காலில் ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் தினம் ஒரு எனாக்ஸாபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசி எழுதிவிட்டு, தொடை வரை காலை இறுக்கிப் பிடிக்கும் இந்த ஸ்டாக்கிங்ஸும் வாங்கச் சொன்னார். பிரசவம் ஆன முதல் 6 வாரம்தான் இதில் ரொம்ப ஆபத்தான காலமாம்.

ஆஸ்பத்திரி எதிரே ஒரு கடையில் "மீடியம் சரியா இருக்கும் சார்" என்று பார்க்காமலே எடுத்து நீட்டினார்களாம். வீட்டுக்காரர் வாங்காமல் திரும்பிவிட்டார். நல்லதாகப் போயிற்று. இன்னொரு சர்ஜிக்கல் கடையில், காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும் டேப்பில் அளந்து வரச் சொல்லி, பெட்டியில் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுக் கொடுத்தார்கள். கணுக்காலில்தான் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். அளவு தப்பினால் போட்டும் பிரயோஜனமில்லை.

துணி நன்றாக இருக்கிறது. விரல் பக்கம் திறந்திருப்பதால் நகம் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வசதி. ஆனால் தையல் வலியோடு குனிந்து நாமே போட முடியாது. அத்தைதான் குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, சுருக்கமில்லாமல் ஏற்றிவிடுவார். மதுரை வெயிலில் மத்தியானம் அரிப்பு தாங்காது. பெரிய குறை மேலே இருக்கும் சிலிக்கான் பட்டை: உட்கார்ந்து பால் கொடுத்தால் சுருண்டு இறங்கி, கயிறு கட்டியதுபோல் தொடையைப் பிடிக்கிறது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டத்துக்கே இடைஞ்சல். தினம் கையால் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும், அதனால் இரண்டு ஜோடி வாங்குங்கள்.

இதைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே கிடக்கக் கூடாது, எழுந்து நடக்க வேண்டும், தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கப் பார்த்தார் அத்தை. டாக்டர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு அவரே சொம்போடு வந்து நிற்கிறார். அப்புறம், தினம் கழற்றிக் காலைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சிவந்தால் ரத்தம் கட்டியிருக்கலாம் (கர்ப்ப காலத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் வரும்), எந்தக் காலானாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108தான்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் (தமனியில்) அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. பட்டையைச் சரிசெய்தால் இன்னொரு ஸ்டார் தருவேன்.