புது ஃப்ளைவீல் என்று 46,000 வாங்கிவிட்டுப் பழசையே வெல்டு வைத்து மாட்டிவிட்டார்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள், கிளட்ச் வேலைக்கு விடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கிற வேலை நடக்கிறது. புதுச்சேரியில், மெயின் ரோட்டிலேயே, ஏசி போட்ட வெயிட்டிங் ரூமும் காபி மெஷினும் வைத்த இடம் என்பது வரைக்கும் சொல்கிறேன்.

வண்டி 2015 மாடல் டீசல் செடான், 1,18,000 ஓடியிருந்தது. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி, அதனால் தினமும் ஆல்பேட்டை, முள்ளோடை, தவளக்குப்பம் என்று போய்வருகிற வண்டி (டீசலும் அந்தப் பக்கம் கொஞ்சம் மலிவு, டேங்க் நிரப்புவதும் அங்கேதான்). ஆடி மாதம் வாக்கில் காலையில் ஸ்டார்ட் செய்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், ஆஃப் செய்தால் கடைசியில் 'டொக்' என்று ஒரு இடி, மரப்பாலம் சிக்னலில் முதல் கியரில் நகரும்போது உதறல்.

ஓனர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, காதை வைத்துக் கேட்டுவிட்டே சொன்னார்: "டூயல் மாஸ் போயிடுச்சு சார். கிளட்ச் செட்டும் சேர்த்தே மாத்திடுங்க, ரெண்டு தடவை கியர்பாக்ஸ் இறக்க வேணாம்." இதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் நம்பினேன்.

விஷயம் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ளைவீல் என்பது இன்ஜினின் கிராங்க் தண்டுக்கும் கிளட்சுக்கும் நடுவில் சுற்றுகிற கனமான சக்கரம், சாலிட், டூயல் மாஸ் என்று அதில் இரண்டு வகை. நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு தடவை வெடிப்பு நடக்கும், ஐடிலில் 800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1,600 அடி, டீசல் அடி பெட்ரோல் அடியைவிட முரடு. சாலிட் ஃப்ளைவீல் என்பது ஒரே இரும்புத் தட்டு, வருகிற அடியை அப்படியே கியர்பாக்ஸ் பக்கம் தள்ளிவிடும். அதைத் தாங்கத்தான் அந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டின் நடுவில் குட்டி குட்டியாக ஸ்பிரிங் இருக்கும். டூயல் மாஸில் அந்த வேலையையே ஃப்ளைவீலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஒரு தட்டு கிராங்கோடு, இன்னொரு தட்டு கிளட்சோடு, நடுவில் கிரீஸில் ஊறிக் கிடக்கிற நீளமான வளைந்த ஸ்பிரிங்குகள். அதனால் என் வண்டி மாதிரி பல வண்டிகளில் கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங்கே கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

"சாலிட் கன்வெர்ஷன் போட்டா பாதிக் காசுதான், ஆனா அதிரும்" என்றும் ஓனர் சொன்னார், அதாவது டூயல் மாஸைக் கழற்றிவிட்டு சாலிட்டுக்கு மாறுவது. நான்தான் ஒரிஜினலே போடுங்கள் என்றேன். ஃப்ளைவீல் 46,000, கிளட்ச் செட் 18,000, லேபர் 8,000. மொத்தம் 72,000, ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று அவர் சொன்ன இடத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன். நல்லவேளை, 40,000 ஜிபேயில் போயிருந்தது. பழைய ஃப்ளைவீல் எங்கே என்றதற்கு "எக்ஸ்சேஞ்சுல அனுப்பிட்டோம் சார்" என்றார்கள். டிக்கியில் புது ஃப்ளைவீல் வந்த அட்டைப்பெட்டியைக் காலியாக வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் நான்.

வண்டி எடுத்த அன்றே ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கியது. டாஷ்போர்டில் என் மகள் ஒட்டி வைத்த பொம்மை சிக்னலுக்கு சிக்னல் தலையாட்டிக்கொண்டே இருந்தது. போன் போட்டால் "புதுசு சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." மூவாயிரம் ஓடியது, ஆகவில்லை. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கரகரவென்று சத்தம், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் மறுபடி ஆரம்பிக்கும். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை இன்ஜின் மவுன்ட் என்று சொல்லி இன்னொரு 4,500 வாங்கினார்கள், கொடுத்துவிட்டும் வந்தேன்.

அப்புறம்தான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம், போர்டுகூட இல்லாமல் பூவரச மரத்தடியில் பட்டறை போட்டிருக்கிற ஒரு அண்ணனிடம் போனேன். கியர் நாபில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் இருந்தார். "தம்பி, உள்ள டூயல் மாஸ் வேலை செய்யல. இறக்கிப் பாக்கலாம். ஆனா நீ கூடவே நிக்கணும், முதல் போல்ட்டுல இருந்து வீடியோ எடுக்கணும்" என்றார். அந்த வீடியோ என்ன வேலை செய்யப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கியர்பாக்ஸ் இறங்கியது. பிரஷர் பிளேட் புதுசு, கிளட்ச் பிளேட் புதுசு. ஃப்ளைவீலைக் கழற்றித் தரையில் வைத்துத் தின்னர் போட்டுத் துடைத்தார், சில்வர் பெயிண்ட் துணியோடு வந்தது. அடியில், இரண்டு தட்டும் சேருகிற விளிம்பில், ஆறு இடத்தில் வெல்டிங் பொட்டு, கிரைண்டர் போட்டு மழுக்கியிருக்கிறார்கள். முகத்தை லேத்தில் சீவிய கோடு தெரிந்தது. டூயல் மாஸ் என்றால் மேல் தட்டைத் திருப்பும்போது கொஞ்சம் அசைந்து ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும். இது லீவர் போட்டும் அசையவில்லை. ஓரத்தில் பொறித்த தயாரிப்புத் தேதி மட்டும் கிரைண்டருக்குத் தப்பியிருந்தது, 2014 கடைசி. என் வண்டியோடு பிறந்ததேதான்.

இப்போது அந்த ஸ்பிரிங் விஷயத்துக்கு வாருங்கள். ஒழுங்கான சாலிட் கன்வெர்ஷன் கிட்டில் ஃப்ளைவீலோடு ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டும் சேர்ந்து வரும். இவர்கள் ஃப்ளைவீலையும் கட்டிப்போட்டுவிட்டு, பிளேட்டும் ஸ்பிரிங் இல்லாத டூயல் மாஸ் பிளேட்டையே போட்டிருக்கிறார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நாலு மாதம் அத்தனை அடியும் நேராக கியர்பாக்ஸில். இன்புட் ஷாஃப்ட் பேரிங் போய்விட்டது. ஃப்ளைவீலை கிராங்கோடு பிடிக்கிற போல்ட் ஒரு தடவை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும், அதுகூடப் பழசு.

ஃப்ளைவீலை டிக்கியில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போனேன். அதுவரை சார் என்று கூப்பிட்டவர் "ஏம்ப்பா, கடலூர்ல எவன் வெல்டு வெச்சானோ, இங்க கொண்டாந்து காட்டுற" என்றார். வீடியோவைக் காட்டினேன். பத்தாயிரம் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். மறுபடி சார் ஆகிவிட்டேன்.

கையில் அதற்கு மேல் காசு இல்லாததால் பேரிங்கை மாற்றி, முழு சாலிட் கிட்டாகவே போட்டுக்கொண்டேன். லேசாக அதிரத்தான் செய்கிறது, ஆனால் இது சொல்லிவிட்டுப் போட்ட அதிர்வு. சாலிட்டைப் பற்றி எனக்குக் குறை இல்லை. இந்தத் தடவை பார்ட் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்கினேன், பெட்டி என் முன்னால்தான் பிரிந்தது, கழற்றின சாமான் அத்தனையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு வந்தது.

ஏமாந்தது புதுச்சேரியில் என்றாலும் குடியிருக்கிற ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்கிறது 2019 சட்டம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது. அந்த ஃப்ளைவீலைப் பத்திரமாக வையுங்கள் என்று அவர் சொன்னதால் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். போன வாரம் தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் அம்மா அதற்கு விலையே பேசி முடித்துவிட்டார், தராசில் ஏறியதை நான் ஓடிப்போய் இறக்கினேன்.